நிலநடுக்கப் பகுதியில் கட்டடச் சேவைகள்: குழாய், டக்ட், பம்ப், லிஃப்ட் வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

1971 பிப்ரவரி 9 அன்று விடிகாலையில் லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே சான் பெர்னாண்டோ பகுதியில் பூமி ஆடியது. சில்மாரில் அப்போதுதான் திறந்திருந்த ஆலிவ் வியூ மருத்துவமனை மோசமாகச் சிதைந்து, கடைசியில் இடிக்கப்பட்டது. அதே வளாகத்தில் எஃகுத் தகட்டுச் சுவர்களோடு படு வலுவாக இன்னொன்றைக் கட்டினார்கள். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்தது. புதுக் கட்டடத்தின் கூரையில் பதிவான முடுக்கம் புவியீர்ப்பைப் போல 2.3 மடங்கு. கட்டடம் அசராமல் நின்றது. ஆனால் உள்ளே ஸ்ப்ரிங்ளர் குழாய்களும் ஏசியின் குளிர்நீர்க் குழாய்களும் உடைந்து தண்ணீர் கொட்டியது. நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று. காயம்பட்டவர்கள் வந்துசேர வேண்டிய நேரத்தில், உள்ளே இருந்தவர்கள் வெளியே போனார்கள்.

கட்டடச் சேவைகளை வடிவமைப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. தூணும் உத்தரமும் தாங்கினால் உயிர் பிழைக்கும். குழாயும் மின்சாரமும் தாங்கினால்தான் கட்டடம் பிழைக்கும். மருத்துவமனையின் மொத்தச் செலவில் தூண், உத்தரம், சிலாப் எல்லாம் சேர்ந்தே பத்தில் ஒரு பங்கு அளவுதான் வரும். மீதிப் பணம் சேவைகளிலும் கருவிகளிலும் உள்வேலைகளிலும் கிடக்கிறது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேராக ஓடும் குழாய் அவ்வளவு எளிதில் உடைவதில்லை. வேறு வேறு விதமாக ஆடும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில்தான் உடைகிறது: பம்பும் குழாயும், குழாயும் சுவரும், ஒரு மாடியும் அடுத்த மாடியும், கட்டடமும் தரையும். அங்கே இரண்டே வழிதான். ஒன்று, இரண்டும் சேர்ந்து ஆடும்படி இறுகக் கட்டுங்கள். இல்லை, தனித்தனியே ஆட இடம் விடுங்கள். பாதி கட்டி பாதி விடுவதுதான் ஆபத்து.

முதல் படி: எது ஓட வேண்டும் என்று முடிவெடுங்கள்

இதைக் கட்டட உரிமையாளரோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குப் பாதுகாக்கப் பணம் போதாது. மூன்று கூடைகளாகப் பிரிப்பேன். நடுக்கம் முடிந்த கையோடு ஓட வேண்டியவை: தீயணைப்பு பம்ப், ஜெனரேட்டர், அவசர விளக்கு, மருத்துவ ஆக்ஸிஜன், அறுவை அரங்கின் காற்று, டயாலிசிஸுக்கான தண்ணீர். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் விழவோ கசியவோ கூடாதவை: எரிவாயுக் குழாய், டீசல் தொட்டி, நடைபாதைக்கு மேல் தொங்கும் டக்ட் (ஏசிக் காற்று ஓடும் தகரக் குழாய்). நாலு நாள் நின்றுபோனாலும் தாங்கக்கூடியவை: அலுவலக ஏசி, அலங்கார விளக்கு.

முதல் கூடையில் ஒன்றை வைத்தால் அதற்கு உயிர் கொடுப்பவை எல்லாம் அதே கூடைக்கு வரவேண்டும். இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜெனரேட்டரைப் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு, அதை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை ஒரு மர ஸ்டாண்டில் சும்மா வைத்திருப்பார்கள். ஸ்டாண்டு சாய்ந்தால் ஜெனரேட்டர் வெறும் இரும்பு. டே டேங்க் (ஜெனரேட்டர் அருகிலுள்ள சிறு டீசல் தொட்டி), டீசல் குழாய், புகைக்குழாய், மாற்று சுவிட்ச், கன்ட்ரோல் பேனல் என்று சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக எழுதிப் பாருங்கள். ரேடியேட்டர் வைத்த ஜெனரேட்டரையே நான் விரும்புவேன். நகராட்சித் தண்ணீரை நம்பிக் குளிரும் இயந்திரம், தெருக்குழாய் உடைந்த நிமிடமே நின்றுவிடும்.

இரண்டாம் படி: இடத்தைப் பற்றிய எண்களைக் கேட்டு வாங்குங்கள்

இந்தியாவின் நிலநடுக்கத் தரநிலையான ஐஎஸ் 1893-இன் 2016 பதிப்பு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, அவற்றுக்கு 0.10, 0.16, 0.24, 0.36 என்ற மண்டலக் காரணிகளைக் கொடுத்தது. அந்தப் பதிப்பில் குவாஹாட்டி, ஸ்ரீநகர், புஜ், போர்ட் பிளேர் எல்லாம் ஐந்தாம் மண்டலம், டெல்லி நான்கு. சென்னையை 2002 திருத்தத்தில் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தினார்கள். 'நமக்கு எதற்கு இதெல்லாம்' என்று கேட்கும் சென்னை நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். தரநிலைகள் திருத்தப்படும், வடிவமைக்கும் நாளில் எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறதோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டமைப்புப் பொறியாளரிடமிருந்து மூன்று விஷயங்கள் வேண்டும்: வடிவமைப்பு நிறமாலை முடுக்கம் (அந்த நிலம் ஆடும்போது விறைப்பான குட்டைக் கட்டடம் உணரும் முடுக்கம்), ஒவ்வொரு மாடியின் பக்கவாட்டு நகர்வு, கட்டடப் பகுதிகளுக்கு இடையேயான பிரிவு இடைவெளி. இதை எழுத்தில் வாங்குங்கள்.

நகர்வில் ஒரு பொறி இருக்கிறது. ஐஎஸ் 1893 ஒரு மாடிக்கு அதன் உயரத்தில் 0.004 பங்கு வரை நகர்வை அனுமதிக்கிறது. 3.6 மீட்டர் மாடிக்கு அது 14.4 மில்லிமீட்டர். 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் அது குறைக்கப்பட்ட வடிவமைப்பு விசைக்கு வரும் நகர்வு. விசையை ஐந்தால் வகுத்து வடிவமைத்த சட்டகம், பெரிய நடுக்கத்தில் அதைப் போல ஐந்து மடங்கு வரை, அதாவது 70 மில்லிமீட்டருக்குச் சற்று மேலேகூட நகரலாம். ஷாஃப்டில் ஏறும் குழாய்க்கும் முகப்புக் கண்ணாடிக்கும் இந்தப் பெரிய எண்தான் கணக்கு.

மூன்றாம் படி: விசையைக் கணக்கிடுங்கள்

இதில் சற்று நேரம் செலவிடலாம், ஏனென்றால் எண்களைப் பார்த்தால்தான் பயம் வரும். சேவைகளுக்கான கணக்குக்கு உலகெங்கும் பலர் கையாள்வது அமெரிக்கத் தரநிலையான ஏஎஸ்சிஇ 7-இன் 13-ஆம் அத்தியாயம். உயரமான கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 16700-இலும் கட்டமைப்பு சாராத உறுப்புகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஏஎஸ்சிஇ 7-இன் 2016 பதிப்பில் உள்ள கணக்கின் சாரம் இதுதான்: அந்த நிறமாலை முடுக்கத்தை 0.4-ஆல் பெருக்கி, பொருள் எவ்வளவு துள்ளும் என்ற பெருக்கக் காரணி, முக்கியத்துவக் காரணி, எடை ஆகியவற்றாலும் பெருக்க வேண்டும். பொருளின் தாங்குதிறன் காரணியால் வகுக்க வேண்டும். அப்புறம் உயரம். தரைமட்டத்தில் 1, கூரையில் 3, இடையில் அதற்கேற்ப.

2 டன் எடையுள்ள ஒரு பம்ப் செட்டை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனை என்பதால் முக்கியத்துவம் 1.5. கலிபோர்னியா போன்ற இடம். வடிவமைப்பு நிறமாலை முடுக்கம் புவியீர்ப்புக்குச் சமம் என்று வைப்போம்.

கூரையில், அதிர்வைத் தடுக்கும் ஸ்பிரிங் மேல் வைத்தால்: 0.4 × 2.5 (துள்ளல்) × 3 (உயரம்) × 1.5 (முக்கியத்துவம்) ÷ 2 (தாங்குதிறன்) = 2.25. அதாவது எடையைப் போல இரண்டேகால் மடங்கு, 4.5 டன் பக்கவாட்டில் தள்ளும்.

அதே கூரையில், ஸ்பிரிங் இல்லாமல் நேராகப் போல்ட் போட்டால்: 0.4 × 1 × 3 × 1.5 ÷ 2.5 = 0.72. அதாவது 1.44 டன்.

ஸ்பிரிங்கோடு தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தால்: 0.75. அதாவது 1.5 டன்.

ஒரே பம்ப். இடமும் பாதமும் மாறியதற்கு விசை மூன்று மடங்கு மாறுகிறது. ஆகவே கணக்குப் போட்டு போல்ட்டைப் பெரிதாக்குவதற்கு முன், 'இதைக் கீழே வைக்க முடியாதா, ஸ்பிரிங் உண்மையிலேயே தேவைதானா' என்று கேளுங்கள். அடித்தளத்தில் இருக்கும் தீயணைப்பு பம்புக்கு ஸ்பிரிங் எதற்கு? அது வாரத்துக்கு ஒருமுறை சோதனைக்கு ஓடுவது. யார் தூக்கம் கெடப்போகிறது?

சத்தம் பிரச்சினையாகி ஸ்பிரிங் தவிர்க்க முடியாவிட்டால், அதிர்வுத் தடுப்பான் கட்டாயம் வேண்டும். நம்மூர் சைட்டுகளில் இதை 'ஸ்னப்பர்' என்றே சொல்கிறார்கள். சாதாரண நாளில் இயந்திரத்தைத் தொடாமல் நிற்கும். நடுக்கத்தில் மட்டும் பிடித்து நிறுத்தும். இயந்திரத்துக்கும் அதற்கும் இடைவெளி 6 மில்லிமீட்டரைத் தாண்டினால் விசையை இரண்டால் பெருக்கச் சொல்கிறது அந்தத் தரநிலை. ஓடிவந்து மோதுகிற பொருள் நின்றபடி தள்ளுவதைவிடப் பலமாக அடிக்கும் அல்லவா? நம் பம்புக்கு அப்படியென்றால் 9 டன். 6 மில்லிமீட்டர் கவனக்குறைவுக்கு நாலரை டன் கூலி.

கவிழ்வையும் பாருங்கள். அந்த 4.5 டன் தரையிலிருந்து 0.8 மீட்டர் உயரத்தில் தள்ளுகிறது, பாதத்தின் அகலம் 1.2 மீட்டர் என்றால், எடையில் 90 சதவீதத்தை மட்டும் எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் 2.1 டன் மேல்நோக்கி இழுக்கும். அந்தப் பக்கம் இரண்டு போல்ட் என்றால் தலைக்கு ஒரு டன்னுக்கு மேல். செங்குத்து ஆட்டத்தை இன்னும் சேர்க்கவில்லை.

நான்காம் படி: ஆங்கர் போல்ட்

நிலநடுக்கத்தில் கான்கிரீட் விரிசல் விடும். விரிசல் சரியாகப் போல்ட் துளை வழியாகவே ஓடவும் கூடும். ஆகவே விரிசல் விட்ட கான்கிரீட்டில் சோதித்துச் சான்று பெற்ற ஆங்கரையே கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியச் சான்றிதழில் இது சி1, சி2 என்ற வகைகளாக இருக்கும், சி2 கடுமையானது. சுத்தியலால் தட்டி இறக்கும் மலிவு விரிவு ஆங்கர்களுக்கு இந்த வேலையில் இடமில்லை.

ஒருமுறை ஒரு மருத்துவமனைக் கட்டுமானத்தில் மேல்மாடி பேனல் அறையைப் பார்வையிடப் போனேன். கெமிக்கல் ஆங்கர் போட்டு நான்கு நாள் ஆகியிருந்தது. ஸ்பேனரைக் கூட வைக்கவில்லை. கையால் திருகினேன், போல்ட் சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. துளையின் தூசியை ஊதாமல், பிரஷ் போடாமல் பசையை நிரப்பியிருக்கிறார்கள். பசை தூசியைத்தான் பிடித்திருந்தது, கான்கிரீட்டை அல்ல. அன்றிலிருந்து நூற்றுக்கு ஐந்து ஆங்கரையாவது இழுவைச் சோதனை செய்வது என் டெண்டரில் தனி இனம். எதைச் சோதிப்பது என்பதை நான் விரல் நீட்டிக் காட்டுவேன், கான்ட்ராக்டர் தேர்ந்தெடுக்கக்கூடாது.

ஐந்தாம் படி: தொங்குபவை

குழாயைச் சிலாப்பிலிருந்து தொங்கவிடும் திரெட் ராட் (மரையிட்ட கம்பி) எடையைத் தாங்கும், ஊஞ்சலைத் தடுக்காது. அதற்குச் சாய்வுத் தாங்கி வேண்டும். ஸ்ப்ரிங்ளர் குழாய்களுக்கு அமெரிக்கத் தீயணைப்புத் தரநிலையான என்எஃப்பிஏ 13 தெளிவாகச் சொல்கிறது: பக்கவாட்டுத் தாங்கி அதிகபட்சம் 12.2 மீட்டருக்கு ஒன்று, நீளவாட்டுத் தாங்கி 24.4 மீட்டருக்கு ஒன்று, மெயின் குழாயின் முனையிலிருந்து 1.8 மீட்டருக்குள் கடைசிப் பக்கவாட்டுத் தாங்கி, நிலைக்குழாயின் உச்சியில் நாற்புறத் தாங்கி. இவை மேல் வரம்புகள். விசை கூடினால் இடைவெளி குறையும்.

தாங்கி இரண்டு வகை. ஆங்கிள் அல்லது சேனலில் செய்த விறைப்பான தாங்கி ஒரு பக்கம் போதும், தள்ளவும் இழுக்கவும் செய்யும். கம்பி வடம் இழுக்க மட்டுமே செய்யும், ஆகவே இரு பக்கமும் ஜோடியாக வேண்டும். ஸ்பிரிங்கில் தொங்கும் குழாய்க்கு வடம்தான் சரி. விறைப்பான தாங்கி அதிர்வைச் சிலாப்புக்குக் கடத்திவிடும். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். இன்னொன்று பலர் மறப்பது: சாய்வுத் தாங்கி இழுக்கும்போது அருகிலுள்ள திரெட் ராட் அமுக்கத்துக்கு உள்ளாகும். மெல்லிய நீள ராட் அமுக்கத்தில் வில்லாக வளைந்துவிடும். அங்கே ராட்டோடு ஒரு சேனலைச் சேர்த்துக் கிளாம்ப் போட வேண்டும்.

டக்ட், கேபிள் ட்ரே, பஸ் டக்ட் (மின்சாரம் கடத்தும் உலோகப் பட்டைகள் அடங்கிய பெட்டி) எல்லாவற்றுக்கும் இதே தர்க்கம். டக்டின் நடுவே தொங்கும் ஃபேன், விஏவி பெட்டி (அறைக்குப் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைப்பது) போன்றவை 34 கிலோவைத் தாண்டினால் அவற்றுக்குத் தனித் தாங்கி. தகர டக்ட் அவற்றைச் சுமக்கும் என்று நம்பக்கூடாது.

ஃபால்ஸ் சீலிங்கும் ஸ்ப்ரிங்ளர் தலையும் சண்டை போடும். சீலிங் ஒரு பக்கம் ஆட, குழாய் மறுபக்கம் ஆட, நடுவில் ஸ்ப்ரிங்ளர் தலை கத்திரியில் மாட்டியது போல வெட்டுப்படும். தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அகல வளையம் போடுங்கள், அல்லது வளையும் குழாயால் இணையுங்கள். 2010 பிப்ரவரி 27 அன்று சிலியில் 8.8 அளவில் நிலநடுக்கம் வந்தபோது சாண்டியாகோ விமான நிலைய முனையத்தைச் சில நாள் மூட வைத்ததில் விழுந்த சீலிங்கும் உடைந்த குழாய்களும் பெரும்பங்கு வகித்தன. தூண்கள் அல்ல.

ஆறாம் படி: கடக்கும் இடங்கள்

வரைபடத்தில் ஒரு சிவப்புப் பேனாவை எடுத்து, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டை, அதாவது கட்டடப் பகுதிகளுக்கு இடையேயான பிரிவு இடைவெளியை, குழாயோ டக்டோ கேபிளோ தாண்டும் இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். பாதி வட்டங்களைப் பாதை மாற்றியே ஒழித்துவிடலாம். கட்டடத்தின் இரு பகுதிக்கும் தனித்தனி நிலைக்குழாய் போட்டால் பல இடங்களில் கடக்கவே தேவையில்லை. மிஞ்சியவற்றுக்கு உலோகப் பின்னல் ஹோஸ், அல்லது மூன்று திசையிலும் அசையும் வளைவு. ரப்பர் பெல்லோஸை மட்டும் நம்பாதீர்கள். அது சில மில்லிமீட்டர் அதிர்வுக்கு ஆனது. கேபிளுக்குத் தளர்வாக ஒரு சுற்று விட்டால் போதும்.

சுவர், சிலாப் துளைகளுக்கு என்எஃப்பிஏ 13-இன் கணக்கு: 25 முதல் 90 மில்லிமீட்டர் வரையான குழாய்க்குத் துளை 50 மில்லிமீட்டர் பெரிதாக, 100-உம் அதற்கு மேலும் என்றால் 100 மில்லிமீட்டர் பெரிதாக. அந்த இடைவெளியைச் சிமெண்ட் கலவையால் அடைத்துவிட்டால் எல்லாம் வீண். நெகிழும் தீத்தடுப்புப் பொருளால்தான் மூட வேண்டும். கொத்தனாருக்கு இதை நேரில் சொல்லுங்கள். துளை திறந்து கிடந்தால் அவர் கை சும்மா இருக்காது.

அடித்தளத் தனிமைப்படுத்தி (நிலத்தின் ஆட்டம் மேலே ஏறாமல் தடுக்கும் நெகிழ்வான தாங்கி) மேல் நிற்கும் கட்டடமானால் மேலே வேலை சுலபம், கீழே கடினம். லாஸ் ஏஞ்சலஸில் அப்படிக் கட்டிய தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவமனை 1994-இல் தொடர்ந்து இயங்கியது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் புஜ் மருத்துவமனை இடிந்த பிறகு, அங்கே எழுப்பிய புது மருத்துவமனையும் ஈயம்-ரப்பர் தாங்கிகளின் மேல்தான் நிற்கிறது. இவ்வகைக் கட்டடத்தில் தரைக்கும் கட்டடத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான மில்லிமீட்டர் அசைவு இருக்கும். அந்த அகழியைத் தாண்டும் ஒவ்வொரு குழாயும், சாக்கடைக் குழாய் உட்பட, அவ்வளவையும் எல்லாத் திசையிலும் தாங்க வேண்டும். லிஃப்ட் குழி, படிக்கட்டு, கேபிள் எதுவும் தப்பாது.

ஏழாம் படி: தண்ணீர், எரிவாயு, லிஃப்ட்

1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் பல இடங்களில் தீ பிடித்தது. தெருவடிக் குழாய்கள் உடைந்து தீயணைப்புக் குழாய்முனைகளில் தண்ணீர் வரவில்லை. ஆகவே தீக்கான தண்ணீர் உங்கள் வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும், முடிந்தவரை தரைக்குக் கீழே, இரண்டு அறைகளாகப் பிரித்து. ஜப்பானில் தொட்டியின் வெளிவாயில் நடுக்கத்தை உணர்ந்து மூடிக்கொள்ளும் வால்வு வைப்பார்கள். கீழே குழாய் உடைந்தாலும் குடிக்கத் தண்ணீர் மிஞ்சும்.

மொட்டைமாடித் தொட்டி நம் ஊரின் பலவீனம். 10,000 லிட்டர் என்றால் 10 டன். செங்கல் தூண் நாலு கட்டி அதன் மேல் பிளாஸ்டிக் தொட்டியை உட்கார வைப்பது நடுக்கப் பகுதியில் கூடவே கூடாது. தாழ்வான கான்கிரீட் மேடை, எஃகுச் சட்டகம், மேல்விளிம்பில் பட்டை, வெளிவாயில் நெகிழும் இணைப்பு. பெரிய தொட்டியில் தண்ணீர் அலைபாயும், மூடியைத் தூக்கியடிக்கும். மேலே வெற்றிடம் விடுங்கள்.

எரிவாயுவுக்கு நடுக்கத்தில் தானே மூடும் வால்வு. சிலிண்டர்களுக்கு இரண்டு சங்கிலி, மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒற்றைச் சங்கிலி போட்டால் சிலிண்டரின் அடி நழுவிவிடும். ஆக்ஸிஜன் மேனிஃபோல்டுக்கும் இதேதான்.

லிஃப்டில் அடிக்கடி நேர்வது எதிர்எடை தண்டவாளத்தை விட்டு விலகுவது. அப்படி விலகியபின் லிஃப்ட் ஓடினால் பெட்டியும் எதிர்எடையும் மோதும். நடுக்க உணரி முதல் அலையிலேயே லிஃப்டை அருகிலுள்ள மாடியில் நிறுத்திக் கதவைத் திறக்க வேண்டும். விலகல் உணரியும் வேண்டும். லிஃப்ட் நிறுவனத்திடம் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதுங்கள். பிறகு கேட்டால் விலை வேறாக இருக்கும்.

எட்டாம் படி: யார் வரைவது?

தொழில்நுட்பத்தைவிட இதில்தான் திட்டங்கள் தோற்கின்றன. கட்டமைப்புப் பொறியாளர் 'குழாய்த் தாங்கி என் வேலை இல்லை' என்பார். சேவைப் பொறியாளர் 'கான்ட்ராக்டர் வடிவமைப்பார்' என்று ஒரு வரி எழுதிவிடுவார். கான்ட்ராக்டர் விலைப்பட்டியலில் அப்படி ஒரு இனமே இல்லை என்பார். கடைசியில் யாரும் வரைவதில்லை. என் யோசனை: தாங்கிகளுக்கென்று தனி வரைபடத் தொகுதி, விலைப்பட்டியலில் தனி இனம், கையெழுத்துப் போட ஒரு பெயர். இந்த மூன்றும் டெண்டருக்கு முன்பே இருக்க வேண்டும். சிலாப்பில் எந்த இடத்தில் எவ்வளவு இழுவிசை வரும் என்று கட்டமைப்புப் பொறியாளருக்கு அதே தொகுதி போக வேண்டும், ஏனென்றால் ஆங்கர் கடைசியில் அவருடைய கான்கிரீட்டில்தான் இறங்குகிறது.

சைட்டில் சரிபார்க்கும்போது ஃபால்ஸ் சீலிங் மூடுவதற்கு முன்பே போங்கள். ஸ்னப்பர் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளவிடுங்கள். ஸ்பிரிங்குகளில் ஏற்றும்போது வைத்த மரக்கட்டையை எடுத்துவிட்டார்களா பாருங்கள். எடுக்காமல் வருடக்கணக்கில் ஓடும் சில்லர்கள் உண்டு. நடுக்க வால்வு மூடியபின் அதைத் திறக்கும் முறையை, கசிவுச் சோதனை உட்பட, ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து வால்வின் பக்கத்திலேயே மாட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து ஏதாவது புது டக்ட் போட வருபவர் இடைஞ்சலாக இருக்கும் சாய்வுத் தாங்கியைக் கழற்றி ஓரமாக வைப்பார். அதைத் தடுக்க ஒவ்வொரு தாங்கியிலும் வரைபட எண்ணோடு ஒரு சிவப்பு அட்டை தொங்கட்டும். பராமரிப்புப் பிரிவு வருடத்துக்கு ஒருமுறை அட்டைகளை எண்ணிப் பார்க்கட்டும்.